கிண்ணம், ஸ்பூன், டம்ளர்: திண்டுக்கல் குழந்தைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

திண்டுக்கல் நகரிலும் வேடசந்தூர், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், ஒட்டன்சத்திரம் பகுதிகளின் சமவெளி ஊர்களிலும் சின்னக் குழந்தைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர், தாத்தா பாட்டிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் சார்பில்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மக்கள் நல்வாழ்வுத் துறையினர், உணவுப் பாதுகாப்புத் துறையினர், தொழிலாளர் துறையினர், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் மதுரைக் கிளையினர், பாத்திரக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை உரிமையாளர்கள், நூற்பாலை நிர்வாகத்தினர்.

முன்னுரை

நம் ஊர்ப் பாத்திரக் கடையில் எதை வாங்கினாலும் பில் போடும்போது ஒரு கேள்வி வரும்: “பேர் வெட்டணுமா?” காதுகுத்துக்கு வாங்கிய கிண்ணம் என்றால் தாய்மாமன் பெயர், ஊர், தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக ஏறிவிடும். ஐம்பது வருடம் கழித்தும் யார் கொடுத்தது என்று அந்தக் கிண்ணம் சொல்லும். யார் செய்தது, எந்தத் தகட்டில் செய்தது, சூடான ரசத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டால் அதே கிண்ணம் வாயைத் திறக்காது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. எங்கள் முறையீடு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தை இருந்தால் ஒதுக்குகிறோம். அந்தக் கத்தரிக்காயை மசித்து ஊட்டும் கிண்ணத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் படிக்க ஒன்றும் இருப்பதில்லை. வாங்குகிறவரின் கவனக்குறைவு என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. பார்க்கிற இடத்தில் முத்திரை இருக்க வேண்டும். இல்லாத பொருள் கடைக்கு வரக் கூடாது. அது அரசும் வணிகரும் செய்ய வேண்டிய வேலை.

நாங்கள் கண்ட ஒரு மதியம்

சமவெளி ஊர் ஒன்றின் அங்கன்வாடி. முட்டை போடும் நாள். இரண்டரை வயதுப் பையன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். மடியில் பெரியவர்கள் சாப்பிடும் அகலத் தட்டு. அவன் இரண்டு முழங்காலையும் தாண்டி நிற்கிறது. விளிம்பு தாழ்வு என்பதால் சோற்றை விரலால் தள்ளத் தள்ள அது எதிர்ப்பக்கம் போய்ப் பாயில் விழுகிறது. அவித்த முட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தரைக்குப் போனது. அதைத் துரத்தப் போனவன் தட்டையும் கவிழ்த்தான். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் தூக்கியபோது முகம் முழுவதும் அதற்குள் மறைந்து, பாதித் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. “சின்னத் தட்டு வேணும்னு எழுதிக் குடுத்தாச்சுங்க” என்றார் பணியாளர், முட்டையைக் கழுவிக்கொண்டே.

அரிசி வந்திருக்கிறது, பருப்பு வந்திருக்கிறது, முட்டை வந்திருக்கிறது. வாய்க்குப் போகும் கடைசி ஒரு சாணில் அது சிந்துகிறது. 1982-இல் சத்துணவுத் திட்டத்தையும் 2022-இல் காலை உணவுத் திட்டத்தையும் தொடங்கி நாட்டுக்கே வழி காட்டிய மாநிலத்தில், ஒரு குழந்தைத் தட்டுக்காக எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் நிலைப்பாடு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பாத்திரமே தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு குழந்தைக்கு மூன்று பொருள் போதும்: தனக்கென்று ஒரு கிண்ணம், ஆழமில்லாத சின்ன ஸ்பூன், கைக்கு அடங்கும் சின்ன டம்ளர். கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் மற்றதெல்லாம் ஆசைக்கு.

தனிக் கிண்ணம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அம்மா தட்டிலிருந்தே ஊட்டினால் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் 250 மில்லி கிண்ணத்தை வைத்துத்தான்: ஆறாம் மாதம் இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி, ஒன்பது மாதத்தில் வேளைக்கு அரைக் கிண்ணம், ஒரு வயதுக்கு மேல் முக்கால் முதல் முழுக் கிண்ணம். கிண்ணம் தனியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு வீட்டுக்குள் நுழையும். நம் பாட்டிகள் கம்மங்கூழுக்குத் தனிக் கும்பா வைத்திருந்ததும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். குறைந்த எடையில் பிறந்து மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்குப் பாட்டிலைத் தேட வேண்டாம். கப்பாலோ ஸ்பூனாலோ மூக்கு வைத்த பாலாடையாலோ கொடுங்கள் என்று 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. ஆங்கிலத்தில் அவர்கள் எழுதிய ‘பல்லடை’ நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பாலாடைதான். இடுக்கில்லை, ரப்பர் இல்லை, கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம்.

கோரிக்கைகள்

அ. அங்கன்வாடியும் அரசு மருத்துவமனையும்

1. எல்லா அங்கன்வாடியிலும் தலைக்கு ஒன்றாகக் குழந்தை அளவுத் தட்டு வேண்டும். இரண்டு விரற்கடை உயரம் நிமிர்ந்த விளிம்பு, வழுக்காத அடி, சுருட்டி மடித்த ஓரம். தகடு வெட்டிய ஓரம் அப்படியே நிற்கும் தட்டை டெண்டரிலேயே நிராகரிக்க வேண்டும். பிஞ்சு உதட்டுக்கு அது பிளேடு. டம்ளர் 100 மில்லிக்கு மேல் வேண்டாம்.

2. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதல் சத்துமாவுப் பாக்கெட் கொடுக்கும் அன்றே 250 மில்லி எவர்சில்வர் கிண்ணமும் ஸ்பூனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிண்ணத்தின் உட்புறத்தில் அரை, முக்கால் கோடுகள் பதித்திருக்க வேண்டும். 2015-இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் வைத்தார்கள். நகவெட்டி உண்டு, கிலுகிலுப்பை உண்டு, சோப்புப் பெட்டி உண்டு. கிண்ணத்துக்கும் ஸ்பூனுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. அதைச் சரிசெய்யுங்கள்.

3. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வட்ட மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பாலாடை போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எப்படிப் பிடிப்பது, எவ்வளவு சாய்ப்பது, குழந்தை விழுங்கும் வரை எப்படிக் காத்திருப்பது என்று வீட்டுக்கு அனுப்பும் முன் தாய்க்கும் பாட்டிக்கும் செய்து காட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் புரையேறும். பாத்திரத்தோடு பழக்கத்தையும் கொடுங்கள்.

4. அண்ணப் பிளவு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குச் சாதாரண ஸ்பூன் உதவாது. தடித்த பிடி வைத்த ஸ்பூன், மூக்கு இடிக்காமல் ஒரு பக்கம் வெட்டிய கப், நகராத தட்டு ஆகியவற்றை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆன்லைனில் வரவழைக்கும் நிலையில் அந்தப் பெற்றோர் இல்லை.

5. அங்கன்வாடிப் பாத்திரம் கழுவும் இடத்தில் குழாய் வேண்டும், வெயில் படும் கம்பி அலமாரி வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் இருபது தட்டை முக்கி எடுத்தால் எந்தத் தரத் தட்டும் நோயைத்தான் பரிமாறும்.

ஆ. சட்டம் இருக்கிறது, அமல் வேண்டும்

6. பால்புட்டி, பால்பவுடர், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான டப்பா உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2003 திருத்தம் அதை இறுக்கி, மருந்துக் கடையையும் வரம்புக்குள் கொண்டுவந்தது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் நம் மருந்துக் கடைக் கண்ணாடியில் கொழுகொழுவென்று சிரிக்கும் பாப்பா படத்தை யார் அகற்றுவது? ஆய்வு நடத்துங்கள்; எடுத்த நடவடிக்கையைப் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

7. அதே சட்டத்தின்படி, தர முத்திரை இல்லாத பால்புட்டியை விற்கவே கூடாது. பிளாஸ்டிக் பால்புட்டிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 14625. அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு, பிஸ்ஃபீனால்-ஏ கசியும் பாலிகார்பனேட்டை விலக்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய ஃபேன்ஸி கடைகளிலும், கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாக் கடைகளிலும், பழனி அடிவாரத்திலும் பொம்மையோடு பொம்மையாகத் தொங்கும் முத்திரையில்லாப் பால்புட்டிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். முத்திரை உள்ள பாட்டிலிலும் கொதிநீரை ஊற்றிக் குலுக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லி விற்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் பாட்டிலில் சூடாகக் கலக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள் உதிரலாம் என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் கண்டார்கள்.

8. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச் 14-இல் ஆணை பிறப்பித்தது. எவர்சில்வருக்கு ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660. இந்த எண்கள் ரதவீதிப் பாத்திரக் கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி மாட்டப்பட வேண்டும். முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் செய்தவர் யார் என்று வந்துவிடும். இதை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் தர நிர்ணய அமைவனம் நேரில் வந்து கற்றுத்தர வேண்டும்.

9. காரீயச் சோதனை வேண்டும். தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்தைக் குறிப்பதால் வரும் ஆபத்து இது. ரசச் சொம்பு செய்வதும் பித்தளைக்குப் பூசுவதும் வெள்ளீயம்; அதில் மலிவுக்காகக் கலக்கக்கூடியது காரீயம், நஞ்சு. குழந்தையின் உடல் பெரியவரைப் போல நான்கைந்து மடங்கு காரீயத்தை ஈர்த்துக்கொள்ளும். இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்ல உலக சுகாதார நிறுவனத்திடம் ஓர் அளவும் இல்லை. இந்தியாவிலிருந்து போன சில அலுமினிய, பித்தளை, இண்டோலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கலாம் என்று 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அங்கே கடையிலிருந்து எடுக்கச் சொன்ன வகைப் பாத்திரம் இங்கே எங்கள் அடுப்பில் இருக்கிறதா என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுங்கள், முடிவைச் சொல்லுங்கள். ஈயம் பூசுகிறவர்களுக்குச் சோதித்த வெள்ளீயம் கிடைக்க வழி செய்யுங்கள்; அவர்கள் பிழைப்பில் கைவைக்க வேண்டாம்.

10. மெலமைன் தட்டுகளில் ‘சூடான உணவுக்கும் மைக்ரோவேவுக்கும் ஏற்றதல்ல’ என்று தமிழில் அச்சிட வேண்டும். கரடி படமும் கார் படமும் போட்ட அந்தத் தட்டில் சுடச்சுடப் புளிக்குழம்புச் சோறு இருந்தால் மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் கசியும். ‘மூங்கில் தட்டு, இயற்கை’ என்ற லேபிளைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அவற்றில் பல, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் பிசைந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கலவையை அனுமதிக்கவில்லை.

11. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் காதுகுத்து, பிறந்தநாள் பந்திகளில் இன்னமும் வருகின்றன. நிலக்கோட்டையிலும் வத்தலக்குண்டிலும் வாழை விளையும் மாவட்டத்தில் குழந்தைப் பந்திக்குத் தலைவாழையிலை கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மண்டப உரிமத்தில் இந்தத் தடையை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இ. நூற்பாலைகளுக்கு

12. பால்புட்டி வீட்டுக்குள் வருவது பல நேரம் தாயின் ஆலை ஷிப்டின் வழியாக. 2017 மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தையும், நாளுக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வரும் உரிமையையும் தந்தது. வேடசந்தூர் வட்டாரத்து ஆலைகளில் காப்பகம் பெயர்ப்பலகையாக நிற்காமல், எடுத்த பாலை வைக்க மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, குளிர்சாதனப் பெட்டி, பாலாடை, கொதிநீர் ஆகியவற்றோடு நடக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கும் அங்கே இடம் உண்டு என்று எழுத்தில் வேண்டும்.

ஈ. நகைக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும்

13. சோறூட்டலுக்கு வாங்கும் வெள்ளிக் கிண்ணம், வெள்ளிச் சங்கு, பாலாடை ஆகியவற்றை ஹால்மார்க் எண்ணோடு விற்க வேண்டும். வெள்ளிக்குத் தனி அடையாள எண் 2025 செப்டம்பர் 1 முதல் வந்துவிட்டது. கட்டாயமில்லை என்பதால் கேட்டால்தான் கிடைக்கும். வாயில் வைக்கிற வெள்ளிக்குக் கேட்காமலே கொடுங்கள். பாலாடையின் மூக்கை எதைக் கொண்டு பற்றவைத்தது என்பதையும் ரசீதில் எழுதுங்கள்.

14. கடைசிக் கோரிக்கை எங்கள் ஊர்ப் பெருமையைப் பற்றியது. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு வந்த பிறகும் அலிகார் சரக்கின் விலையோடு மோத முடியாமல் பட்டறைகள் ஒவ்வொன்றாய் அடங்குகின்றன. தகட்டை அளந்து வெட்டவும், ஓரத்தை ராவி மழமழப்பாக்கவும், ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்து அனுப்பவும் தெரிந்த கைகள் அவை. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் மாவட்டத் தொழில் மையத்தையும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். குழந்தைக் கிண்ணம், ஸ்பூன், பாலாடை இம்மூன்றுக்கும் வடிவமும் அச்சும் உருவாக்கி, ஐ.எஸ்.ஐ. உரிமம் வாங்க உதவி செய்து, அங்கன்வாடிக் கொள்முதலில் முதல் வாய்ப்பைக் கொடுங்கள். கோரிக்கை 2-இல் கேட்ட கிண்ணம் வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வர வேண்டியதில்லை.

எங்கள் பங்குக்கு

கேட்பது மட்டும் எங்கள் வேலை என்று நினைக்கவில்லை. பின்வருவனவற்றை நாங்களும் ஏற்கிறோம்.

கிண்ணத்தின் அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவோம். முத்திரை இல்லையென்றால் கடைக்காரரிடம் ஏன் என்று கேட்போம். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்வோம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது பாட்டில் செட் கொண்டுபோக மாட்டோம். கம்பி நார் போட்டுக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் தட்டைச் செடிக்குக் கொடுப்போம், குழந்தைக்குக் கொடுக்க மாட்டோம். கீறலில் ஒளிந்த அழுக்கை எந்த சோப்பும் எடுக்காது. சுடு இட்லியையும் சாம்பாரையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவோம். எவர்சில்வர் சீக்கிரம் சுடும் என்பதால் குழந்தை கையில் கொடுக்கும் முன் நம் கையில் வைத்துப் பார்ப்போம். தயிரையும் புளியையும் ஈயம் தேய்ந்த பித்தளையில் வைக்க மாட்டோம். இரண்டு வயதில் இடது கையால் ஸ்பூன் பிடித்தால் அடித்துப் பிடுங்க மாட்டோம். தானாக எடுத்து உண்ணக் கற்கும் குழந்தை சிந்தத்தான் செய்யும், துடைத்துக்கொள்வோம்.

காலக்கெடு

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். அதற்குள் மருந்துக் கடை, ஃபேன்ஸி கடை ஆய்வு (கோரிக்கைகள் 6, 7) தொடங்க வேண்டும். செப்டம்பர் தேசிய ஊட்டச்சத்து மாதம். அதற்குள் அங்கன்வாடித் தட்டு, டம்ளர் கணக்கெடுப்பு முடிய வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில், எந்த ஊருக்கு எத்தனை வந்தது, எத்தனை பாக்கி என்று எழுந்து நின்று படிக்க வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்தது 1975-இல் அதே அக்டோபர் 2-இல்தான். கணக்குக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

பதினான்கும் ஒரே நாளில் நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். சட்டம் ஏற்கெனவே இருப்பவற்றுக்கு அவகாசம் தர மாட்டோம். பணம் ஒதுக்க வேண்டியவற்றுக்கு ஒரு நிதியாண்டு காத்திருப்போம்.

அடுத்த தை மாதம் ஒரு தாய்மாமன் கடைக்கு வருவார். மருமகளுக்குச் சோறூட்டக் கிண்ணம் எடுப்பார். “பேர் வெட்டணுமா?” என்று கேட்பார்கள். வெட்டச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் திருப்புவார். அங்கே செய்தவரின் எண்ணும் இருக்க வேண்டும்.